குண்டு வெடித்த மண்ணில் நையாண்டி: கோடு எங்கே, அதை யார் போடுவது?

கேள்வி சுருக்கமாக இது: "திருகோணமலையில் நண்பர்கள் சேர்ந்து ஒரு நாடகக் குழு நடத்துகிறோம். 2019ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதலை வைத்து ஒரு நையாண்டி நாடகம் எழுதியிருக்கிறோம். இளைஞர்களை வழிகெடுக்கும் ஒரு போதகர்தான் அதில் கேலிக்கு ஆளாகிறவர். ஒரு காட்சியில் அபாயா அணிந்த பெண் ஒருவர் பையோடு பஸ்ஸில் ஏறுவார், மற்றவர்கள் அலறியடித்து இறங்கி ஓடுவார்கள். குழுவில் உள்ள கிண்ணியா முஸ்லிம் நண்பர் அந்தக் காட்சி வேண்டாம் என்கிறார். இன்னொருவர், இப்படிப் பின்வாங்கினால் குண்டு வைத்தவன் வென்றதாகிவிடும், பிரான்ஸின் நையாண்டி இதழ் சார்லி ஹெப்டோவைப் பாருங்கள் என்கிறார். சட்டம் என்ன சொல்கிறது? எங்கே நிறுத்த வேண்டும்?"

தங்கச்சி, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாடகத்தைப் போடுங்கள். போதகரைத் தாராளமாகக் கேலி செய்யுங்கள். பஸ் காட்சியை மட்டும் இப்போது இருக்கிறபடி போடாதீர்கள். அதற்குக் காரணம் சட்டம் என்று நினைக்க வேண்டாம். சட்டம் போட வேண்டிய கோடு வேறு, எழுதுகிறவர் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் கோடு வேறு. ஒருவர் மனம் நோகும் என்பதையும் ஒருவர் உயிர் போகும் என்பதையும் ஒரே சட்டத்தால் அளக்கப் போனதால் இந்த நாட்டில் என்ன நடந்தது என்பதை இந்த ஊர் நீதிமன்றங்களில் வழக்குப் பேசியவன் என்ற முறையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தைத் தருகிறது. 15ஆம் உறுப்புரை இன, மத நல்லிணக்கம், தேசிய பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக அதைச் சட்டத்தின் மூலம் மட்டுப்படுத்தலாம் என்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 291ஏ, 291பி பிரிவுகள் மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவதைக் குற்றமாக்குகின்றன. இவை பழையவை, தண்டனையும் பெரிதல்ல. நீங்கள் உண்மையில் அறிந்திருக்க வேண்டியவை வேறு இரண்டு. ஒன்று, 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம். அதன் 2ஆம் பிரிவு, இன, மத முரண்பாட்டை உண்டாக்கும் பேச்சையும் எழுத்தையும்கூடப் பயங்கரவாதக் குற்றமாக்குகிறது. ஊடகவியலாளர் ஜே.எஸ். திஸ்ஸநாயகம் ஒரு மாத இதழில் எழுதிய கட்டுரைகளுக்காக 2009இல் 20 வருடச் சிறைத்தண்டனை பெற்றது இந்தச் சட்டத்தின் கீழ்தான். மறுவருடம் பிணையில் வெளியே வந்து, பிறகு மன்னிப்புப் பெற்றார். மற்றது, எல்லாரும் ஐசிசிபிஆர் சட்டம் என்று சொல்கிற 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம்.

இந்த இரண்டாவதைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஐ.நா.வின் குடிசார், அரசியல் உரிமைகள் சமவாயத்தை நம் நாட்டுச் சட்டமாக்குகிறோம் என்று சொல்லிக் கொண்டுவந்தது இது. அதன் 3ஆம் பிரிவு, பாகுபாட்டையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் அளவுக்கு இன, மத வெறுப்பைப் பரப்புவதைத் தடை செய்கிறது. தண்டனை 10 வருடம் வரை கடூழியச் சிறை. நீதவான் பிணை கொடுக்க முடியாது. மேல் நீதிமன்றம்தான் கொடுக்கலாம், அதுவும் விதிவிலக்கான சூழ்நிலையில். வாசகத்தைக் கவனமாகப் படித்தால், பலவீனமான சிறுபான்மையினரைக் கலவரக்காரரிடமிருந்து காக்க எழுதிய பிரிவு இது. வெறும் வெறுப்பு போதாது, தூண்டுதல் வேண்டும் என்கிறது. ஆனால் பிணை இல்லாத சட்டத்தில் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை. கைதுதான் தண்டனை. ஒருவரை உள்ளே வைக்க, அவர் எழுதியது பிடிக்காத யாரோ ஒரு முறைப்பாடு கொடுத்தால் போதும்.

அப்படித்தான் நடந்தது. சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார, விகாரையில் நடக்கும் துஷ்பிரயோகத்தைத் தொட்டு முகநூலில் ஒரு சிறுகதை போட்டதற்காக 2019 ஏப்ரல் 1ஆம் திகதி, அதாவது தாக்குதலுக்கு மூன்று வாரம் முன்பே, கைதானார். நான்கு மாதம் உள்ளே இருந்தார். வழக்கிலிருந்து விடுபட 2021 ஆகிவிட்டது. தாக்குதலுக்குப் பிறகு மே மாதத்தில் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண், அணிந்திருந்த உடையில் இருந்த கப்பல் சுக்கான் படத்தைத் தர்மச்சக்கரம் என்று பொலிஸார் நினைத்ததால் பிடிபட்டு வாரக்கணக்கில் விளக்கமறியலில் இருந்தார். 2020 ஏப்ரலில் ரம்ஸி ராசிக் என்பவர், வெறுப்புப் பிரசாரத்தைப் பேனாவாலும் விசைப்பலகையாலும் எதிர்கொள்ளும் கருத்துப் போர் வேண்டும் என்று எழுதினார். அந்தப் போருக்கு அவர் ஜிஹாத் என்ற சொல்லைப் பயன்படுத்தியிருந்தார். ஐந்து மாதம் சிறை. அந்தக் கைது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2023 நவம்பரில். நகைச்சுவைப் பேச்சாளர் நடாஷா எதிரிசூரிய 2023 ஏப்ரலில் மேடையில் பேசிய ஒரு பகிடியின் துண்டு வீடியோ பரவி, மே மாதக் கடைசியில் கட்டுநாயக்கவில் கைதானார். ஐந்து வாரத்துக்கு மேல் கழித்து, கொழும்பு மேல் நீதிமன்றம்தான் பிணை கொடுத்தது. அவர் பேசியது தூண்டுதலாக ஆகாது என்பதே நீதிபதியின் பார்வையாக இருந்தது.

நீங்கள் தமிழில் எழுதுகிறவர் என்பதால் எல்லாவற்றுக்கும் மேலாக அறிந்திருக்க வேண்டியது அஹ்னாப் ஜஸீமின் வழக்கு. மன்னார்ப் பக்கத்து இளைஞர், புத்தளத்தில் தமிழ் கற்பித்தவர். 2017இல் 'நவரசம்' என்ற கவிதைத் தொகுதி வெளியிட்டார். 2020 மே 16ஆம் திகதி பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அவரைக் கைது செய்தார்கள். அந்தக் கவிதைகள் மாணவர்களுக்குத் தீவிரவாதம் ஊட்டுகின்றன என்பது குற்றச்சாட்டு. தமிழ் தெரிந்தவர்கள் தொகுதியை எடுத்துப் படித்தபோது, வன்முறையையும் ஐஎஸ் அமைப்பின் வழியையும் கண்டிக்கிற கவிதைகள் அதில் இருந்தன. இருந்தும் 19 மாதம் தடுப்பில் இருந்தார். 2021 டிசம்பரில் பிணை, 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றத்தில் விடுதலை. யோசித்துப் பாருங்கள்: குண்டுக்கு எதிராக, அதுவும் குண்டு வெடிப்பதற்கு இரண்டு வருடம் முன்னரே, அதே சமூகத்துக்குள்ளிருந்து, நம் மொழியில் எழுதிய ஒருவரைத்தான் குண்டின் பெயரால் பூட்டி வைத்தார்கள்.

அந்தத் தொகுதி வந்த காலத்தில், தாக்குதலை நடத்திய குழுவின் தலைவரான போதகர் சஹ்ரான் என்ன செய்துகொண்டிருந்தார்? தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தார். முகநூலிலும் யூடியூப்பிலும் அவருடைய வீடியோக்கள் வருடக்கணக்கில் கிடந்தன. காத்தான்குடியின் சூபி வழியினரை அவர் வெளிப்படையாக மிரட்டினார். 2017 மார்ச்சில் அவருடைய ஆட்கள் வாளோடு இறங்கி மோதினார்கள். காத்தான்குடி முஸ்லிம்களே முறைப்பாடு கொடுத்தார்கள். அதன்பின் அவர் தலைமறைவானார், ஆனால் பிரசாரம் நிற்கவில்லை. ஐசிசிபிஆர் சட்டம் எதற்காக எழுதப்பட்டதோ அந்தப் பேச்சு இதுதான். பொது பல சேனா அமைப்பின் கலகொட அத்தே ஞானசார தேரர் 2016இல் இஸ்லாம் குறித்துப் பேசிய பேச்சுக்கு மேல் நீதிமன்றத் தண்டனை வந்தது 2024 மார்ச்சில். கவிஞரைத் தீர்ப்பே இல்லாமல் 19 மாதம் பூட்டி வைக்க முடிந்தது, மேடையில் நின்று பேசியவருக்குத் தண்டனை வர எட்டு வருடம் தேவைப்பட்டது.

இதனால்தான் சொல்கிறேன், சட்டத்தின் கோடு ஓரிடத்தில்தான் இருக்கலாம். ஒரு மனிதக் கூட்டத்துக்கு எதிராக வன்முறையையோ பாகுபாட்டையோ தூண்டுவது குற்றம். அதற்கு இந்தப் பக்கம் உள்ள கசப்பு, அவமதிப்பு, மட்டமான ரசனை, தவறான நேரத்துப் பகிடி எல்லாம் சட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும். தூண்டுதலை எப்படி அறிவது என்பதற்கும் வழி இருக்கிறது. ஐ.நா. 2012இல் வகுத்த றபாத் செயற்திட்டம் ஆறு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: அன்றைய சூழல், பேசுகிறவருக்குள்ள செல்வாக்கு, அவருடைய நோக்கம், சொன்ன விஷயமும் சொன்ன விதமும், எவ்வளவு தூரம் பரவியது, அதனால் தீங்கு உடனடியாக நிகழ வாய்ப்புண்டா. இந்த ஆறையும் வைத்துப் பார்த்தால் உங்கள் நாடகத்தில் பஸ் காட்சி உட்பட எதுவும் குற்றமாகாது. சஹ்ரானின் வீடியோக்கள் ஆறிலும் சிக்கும்.

இனி சார்லி ஹெப்டோ. உங்கள் நண்பர் சொல்வதில் பாதி முழுக்கச் சரி. 2015 ஜனவரி 7ஆம் திகதி பரிஸில் அந்த இதழின் அலுவலகத்துக்குள் புகுந்து நடத்திய தாக்குதலில் 12 பேர் இறந்தார்கள். கபு, வொலின்ஸ்கி, ஷார்ப் போன்ற கேலிச்சித்திரக்காரர்கள் அதில் இருந்தார்கள். நபிகள் நாயகம் குறித்த சித்திரங்களுக்காக அந்த இதழ்மேல் முஸ்லிம் அமைப்புகள் முன்பே வழக்குப் போட்டிருந்தன. 2007இல் நீதிமன்றம் இதழின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டது நாகரிகமான வழி, தோற்றதும் அங்கே முடிந்திருக்க வேண்டும். 2011இல் அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள், 2015இல் சுட்டார்கள். சித்திரம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அதற்கும் கொலைக்கும் நடுவே 'ஆனால்' என்று ஒரு சொல்லைப் போட எனக்கு மனம் வராது. அங்கே வீதியில் விழுந்துகிடந்த நிலையில் சுடப்பட்ட பொலிஸ்காரர் அஹமட் மெராபே ஒரு முஸ்லிம். இரண்டு நாள் கழித்து யூதர் கடையில் வாடிக்கையாளர்களைக் குளிரறையில் ஒளித்துக் காப்பாற்றிய லஸானா பத்திலியும் முஸ்லிம். இவர்களை விட்டுவிட்டு அந்த வாரத்தைப் பற்றிப் பேசவே கூடாது.

ஆனால் அதே பிரான்ஸில் அதே மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. சுதந்திரத்துக்காக லட்சக்கணக்கானோர் ஊர்வலம் போன சூட்டில், நகைச்சுவை நடிகர் டியுடொனே முகநூலில் தன்னைச் சார்லியாகவும் அந்தக் கடையில் கொலை செய்த கூலிபாலியாகவும் கலந்து ஒரு வரி எழுதினார். பயங்கரவாதத்தைப் போற்றியதாக அவரைப் பிடித்து, மார்ச்சில் இரண்டு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை கொடுத்தார்கள். யூத வெறுப்புப் பேச்சுக்காக முன்பே தண்டனை பெற்றவர் அவர். அவருக்காகப் பரிந்து பேசுவது என் நோக்கமில்லை. பயங்கரவாதத்துக்கு அடுத்த நாள் எந்த நாடும், சுதந்திரத்தைப் பற்றி எவ்வளவு பெருமை பேசினாலும், தனக்குப் பிடிக்காத சிரிப்பைக் குற்றமாக்கப் பார்க்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் நாடகத்துக்கு நேராகத் தொடர்புள்ள வழக்கு வேறொன்று. 2001 செப்டெம்பர் 11 தாக்குதலுக்கு இரண்டே நாள் கழித்து, பிரான்ஸின் பாஸ்க் பகுதியில் ஒரு வார இதழில் டெனி லெறுவா என்பவர் இடிந்து விழும் கோபுரங்களை வரைந்து, நாம் எல்லாரும் கண்ட கனவை ஹமாஸ் செய்துவிட்டது என்ற பொருளில் ஒரு வாசகம் போட்டார். விளம்பர வாசகம் ஒன்றைப் பின்பற்றிய அந்த நையாண்டி அமெரிக்க ஆதிக்கத்துக்கு எதிரானது என்று அவர் வாதாடினார். அபராதம் 1,500 யூரோ. 2008இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அந்தத் தண்டனை சரி என்றது. காரணங்களில் இரண்டு முக்கியம்: உலகம் அதிர்ச்சியில் இருந்த நாள்களில் வெளியானது, ஆயுதக் குழு இயங்கிய பகுதியில் வெளியானது. அமெரிக்காவின் ஆதிக்கத்தைக் கேலி செய்திருந்தால் பரவாயில்லை, அவர் ஆயிரக்கணக்கானோரின் மரணத்தைக் கொண்டாடினார் என்றது நீதிமன்றம்.

காலமும் இடமும் முக்கியம் என்பதை ஏற்கிறேன். உங்கள் நாடகத்துக்கு இந்த வழக்கிலிருந்து எடுக்க வேண்டிய பாடமும் அதுதான். ஆனால் 'பயங்கரவாதத்தைப் போற்றுதல்' என்ற வாசலைச் சட்டத்துக்குத் திறந்து கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைத் தேடி ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. 2021 மேயில் மட்டக்களப்பு கிரான் கடற்கரையில், போரில் இறந்தவர்களை நினைவுகூர்ந்த பத்துப் பேர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார்கள். 2024 மேயில் நம் மாவட்டத்திலேயே, சம்பூர்ப் பக்கம், போரின் இறுதி நாள்களை நினைவுகூரும் முள்ளிவாய்க்கால் கஞ்சி பரிமாறிய குற்றத்துக்காக மூன்று பெண்களையும் ஓர் ஆணையும் பிடித்தார்கள். பயன்படுத்திய சட்டம் எது தெரியுமா? வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்கும் அதே ஐசிசிபிஆர் சட்டம். கஞ்சி கொடுப்பது எந்த வெறுப்பைத் தூண்டும்? இந்த நாட்டில் கதவை ஒரு விரலளவு திறந்தாலும் உள்ளே வருகிறது யார் என்பது நமக்குத் தெரியும்.

1993இல் நம் உயர் நீதிமன்றமே இதற்கு நேர்மாறான பக்கம் நின்று ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மேளம் அடித்தும் மணி ஒலித்தும் அரசுக்கு எதிர்ப்புக் காட்டிய 'ஜன கோஷா' போராட்டம் பற்றிய வழக்கு அது. சத்தம் எழுப்புவதும் கருத்துரிமைதான் என்றார் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ. அமைதியான எதிர்ப்பை இன்று நெரித்தால் அது இன்னொரு நாள் பெரும் வன்முறையாக வெடிக்கும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பேச்சைத் திறந்து விட்டால் தீவிரவாதம் வளரும் என்று சொல்கிறவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

இனித் திருகோணமலை. உங்கள் ஊர் எது என்பதை மறந்துவிட்டு இந்த நாடகத்தைப் போட முடியாது. எந்த இனமும் பாதிக்கு மேல் இல்லாத மாவட்டம் இது. 2005 மேயில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் இரவில் வைத்த புத்தர் சிலை நகரத்தையே நாள்கணக்கில் முடக்கியது. 2025 நவம்பரில் கடற்கரையோரம் வைத்த சிலையைப் பொலிஸார் இரவோடு அகற்றி அடுத்த நாள் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். 2018இல் ஒரு மகளிர் பாடசாலையில் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்தது பெரிய பிரச்சினையானது. அன்று தமிழர் முகநூலில் ஓடிய கேலிகளைப் பார்த்தவர்களுக்குக் கிண்ணியா நண்பர் ஏன் அந்தக் காட்சியைப் பார்த்து முகம் சுருங்கினார் என்று விளக்க வேண்டியதில்லை. சின்ன அடையாளம் ஒன்று காலையில் கடைகளைப் பூட்ட வைக்கும் ஊர் இது.

இதே ஊரில்தான் உண்மையைக் காட்டியதற்காக ஒருவர் உயிர்விட்டார். 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று படைத்தரப்புச் சொன்னது. ஊடகவியலாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் தலையில் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. படங்கள் 'சுடர் ஒளி' பத்திரிகையில் வந்தன. அதே மாதம் 24ஆம் திகதி காலையில் அவரை நகரத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். மாணவர் கொலை வழக்கில் சந்தேக நபர்களாக இருந்த 13 அதிரடிப்படையினரைப் போதிய சாட்சி இல்லை என்று 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. கேலிச்சித்திரக்காரர் பிரகீத் எக்னெலிகொட காணாமல் போனதும் ஒரு ஜனவரி 24தான், 2010இல். சாட்சி சொல்ல ஆளில்லாமல் போகும் ஊரில் பேச்சுரிமை என்பது தாளில் உள்ள உறுப்புரையைவிடக் கனமான விஷயம்.

நம் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் இந்தப் பதில் நேர்மையானதாக இராது. தீவிரவாதத்துக்குப் பிந்திய கருத்துரிமை என்று பேசும்போது தமிழர்களில் பலர் சஹ்ரானோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நம் சமூகத்திலும் கேள்வி கேட்டவர்களை ஆயுதம் மௌனமாக்கியது. மனித உரிமைச் செயற்பாட்டாளர் ராஜினி திராணகம 1989இல் யாழ்ப்பாணத்தில் வீதியில் வைத்துச் சுடப்பட்டார். கவிஞர் செல்வி யாழ் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்தவர், உங்களைப் போல மேடையேறியவர். 1991இல் புலிகள் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைக் கொன்றார்கள், ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். இதையெல்லாம் எத்தனை தமிழ் மேடை நையாண்டி செய்திருக்கிறது? முஸ்லிம் போதகரைக் கேலி செய்ய வாய் திறக்கும் தமிழ்க் குழு தன் வீட்டுத் துப்பாக்கியைப் பற்றி வாயை மூடியிருந்தால், கிண்ணியாவிலும் மூதூரிலும் இருக்கிறவர்கள் அதைக் கவனிப்பார்கள், கவனிக்கத்தான் வேண்டும். நாடகத்தில் நம்மைப் பற்றியும் ஒரு வரியாவது இருக்கட்டும்.

சரி, பஸ் காட்சிக்கு வருகிறேன். அதை ஏன் மாற்றச் சொல்கிறேன்? சனம் சிரிக்கும்போது யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்பதுதான் கேள்வி. ஓடுகிறவர்களின் மூடத்தனமான பயத்தைக் கேலி செய்கிறோம் என்பது உங்கள் எண்ணமாக இருக்கலாம். ஆனால் காட்சியில் அந்தப் பெண்ணுக்கு வசனம் இல்லை, பெயர் இல்லை, ஒரு கறுப்பு உருவமாக ஏறுகிறார், அவ்வளவுதான். பார்வையாளர் பக்கம் இருந்து பார்த்தால் சிரிப்பு அந்த உருவத்தின்மேல்தான் போய் விழும். 2019இல் இது கற்பனையாக இருக்கவில்லை. ஏப்ரல் 29ஆம் திகதி முகம் மூடும் உடைக்குத் தடை வந்தது. முகம் மூடாத பெண்களையும் கடையிலும் பஸ்ஸிலும் அலுவலகத்திலும் தடுத்து நிறுத்தினார்கள். மே மாதத்தில் சிலாபத்தில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் முகநூலில், அதிகம் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டார். அதை மிரட்டலாக எடுத்துக்கொண்டு கும்பல் கிளம்பியது. அடுத்த நாள் குருநாகல், கம்பஹா எனப் பரவி, பள்ளிவாசல்களும் கடைகளும் எரிந்தன, ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். வார்த்தை ஒன்று எங்கே போய் விழும் என்பது சொல்கிறவரின் எண்ணத்தை மட்டும் பொறுத்ததல்ல.

அந்தக் காட்சியை வெட்டிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெண்ணைப் பேச விடுங்கள். மற்றவர்கள் இறங்கி ஓடியபின் வெறுமையான பஸ்ஸில் அவர் உட்கார்ந்து பையைத் திறந்து, உள்ளே இருப்பதைக் காட்டி, சாரதியோடு பேசட்டும். கிண்ணியா வாய்மொழியில் பேசட்டும். அந்த வசனத்தை எழுதக் கிண்ணியா நண்பரையும் அவர் வீட்டுப் பெண்களையும் கேளுங்கள். அவருக்குத் தடைபோடும் அதிகாரம் இருப்பதாக நான் சொல்லவில்லை. ஒருவர் மனம் நோகிறது என்றால் நாடகத்தையே நிறுத்த வேண்டும் என்றால் எந்த நாடகமும் மேடையேறாது. ஆனால் அவர் உங்கள் முதல் வாசகர். அவருக்குத் தெரிகிற ஓட்டை மேடையில் எல்லாருக்கும் தெரியும்.

எனக்கு உங்கள் பிரதியில் இன்னொரு குறை படுகிறது. இறந்துபோன போதகரையே சுற்றிச் சுற்றி அடிக்கிறீர்கள். அவரைக் கேலி செய்ய இன்று துணிச்சல் தேவையில்லை, முஸ்லிம்களே அவருடைய ஆட்களின் உடல்களை ஏற்க மறுத்தார்கள். சாய்ந்தமருதில் ஒளிந்திருந்தவர்களைப் பற்றித் தகவல் கொடுத்ததும் அந்த ஊர் முஸ்லிம்கள்தான். அதிகார நாற்காலிகளில் இருந்தவர்களை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. கடிதங்கள் கைமாறின, யாரும் தேவாலயங்களுக்குச் சொல்லவில்லை. 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் பலர் சிறுவர்கள். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. பொலிஸ் மா அதிபராக இருந்தவருக்கும் அரச புலனாய்வுத் தலைவராக இருந்தவருக்கும் தலா 7.5 கோடி. எச்சரிக்கைக் கடிதம் மேசை மேசையாகப் போய்க்கொண்டிருக்கும் ஒரு காட்சி உங்கள் கையில் இருக்கிறது, எழுதாமல் வைத்திருக்கிறீர்கள். நம் கூத்தில் கட்டியகாரன் அரசனைத்தான் கேலி செய்வான், வாசலில் நிற்கிற சனத்தை அல்ல. பிள்ளைகளை இழந்தவர்களின் அழுகையை மட்டும் எந்த இடத்திலும் சிரிப்புக்குப் பயன்படுத்தாதீர்கள்.

கடைசியாகச் செய்ய வேண்டியவை. பொதுமக்கள் முன் நடிக்கும் நாடகப் பிரதியைப் பார்த்து அனுமதி கொடுக்கும் முறை ஒன்று 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்து நம் நாட்டில் இருக்கிறது. அதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள், கடைசி நேரத்தில் அதைச் சாட்டியே மண்டபத்தைப் பூட்டிவிடுவார்கள். முதல் ஒத்திகையைக் கிண்ணியாவில் சிலர் முன் வையுங்கள், அப்புறம் தேவாலயம் போகிற சிலர் முன். மேடையேறும் நாளில் நாடகம் முழுவதையும் நீங்களே வீடியோ எடுத்து, அன்றிரவே முழுதாகப் போட்டுவிடுங்கள். நடாஷா விஷயத்தில் வினையானது வெட்டிய துண்டுதான். 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தபின் பதிவேற்றம் செய்கிறவரும் பொறுப்பாளியாகலாம். ஆகவே பதிவேற்றுவது ஒரு பிள்ளையின் சொந்தக் கணக்கிலிருந்து இருக்கக் கூடாது, குழுவின் பெயரில் இருக்கட்டும்.

பொலிஸ் அழைத்தால் தனியே போகாதீர்கள், சட்டத்தரணியோடு போங்கள். எந்தப் பிரிவின் கீழ் விசாரணை என்று கேளுங்கள், பதிலைத் திகதியோடு எழுதி வையுங்கள். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் விளங்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம், தமிழில் வாசித்துக் காட்டும்படி கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. யாரையாவது தடுத்து வைத்தால் உடனே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு அழையுங்கள், திருகோணமலையிலேயே அவர்களின் பிராந்திய அலுவலகமும் இருக்கிறது. அடிப்படை உரிமை வழக்குக்கு ஒரு மாதம்தான் கால எல்லை. ஆணைக்குழுவிடம் அந்த மாதத்துக்குள் முறைப்பாடு பதிந்தால், அவர்களுடைய விசாரணை நடக்கும் காலம் அதில் சேராது. திருத்திய பிரதியை எனக்கு அனுப்புங்கள், குறிப்பாகக் கடிதம் மேசை மாறும் காட்சியை.